ஸ்டென்ட் வைத்த பிறகு சாப்பாடும் வாழ்க்கையும்

உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தவர்கள் டாக்டரிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "சோறு இறங்க மாட்டேங்குது, நெஞ்சுல நிக்குது." உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளம். அதன் சுவர் நன்றாக விரிந்து கொடுக்கும். அதனால் உள்ளே கட்டி வளர்ந்து வழி ஏறக்குறைய 13 மி.மீ.க்குக் கீழே குறுகும் வரை பலருக்கு எதுவும் தெரிவதில்லை. முதலில் கறித்துண்டும் சப்பாத்தியும் சிக்கும், அப்புறம் சோறு, அப்புறம் இட்லி, கடைசியில் தண்ணீரும் எச்சிலும்கூட. இந்த நிலையில் வருகிறவர்களில் பலருக்கு அறுவை செய்து கட்டியை எடுக்கும் கட்டம் தாண்டிப் போயிருக்கும்.

அப்போது செய்யப்படுவதுதான் நோய்த்தணிப்புச் சிகிச்சை. கட்டியை இல்லாமல் ஆக்குவது அதன் வேலை இல்லை. சாப்பாடு இறங்க வழி செய்வது, வலியைக் குறைப்பது, மிச்சமிருக்கும் காலத்தை மனிதர் தன் விருப்பப்படி கழிக்க விடுவது, இவைதான் அதன் வேலை. அடைத்த வழியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற குழலை வைத்து வீட்டுக்கு அனுப்பியதும் "வழி திறந்தாச்சு, இனி எல்லாம் சாப்பிடலாம்" என்று குடும்பம் நினைத்துவிடுகிறது. அந்த நினைப்பில்தான் பாதிச் சிக்கல் ஆரம்பிக்கிறது. வழி திறப்பது ஒரு நாள் வேலை. அந்த வழியில் என்ன போகலாம், எப்படிப் போகலாம், போன பிறகு எப்படிப் படுக்கலாம் என்பது தினசரி வேலை. வாழ்க்கைத் தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

விழுங்கும் சிரமத்தை டாக்டர்கள் 0 முதல் 4 வரை எண்ணிட்டுச் சொல்வார்கள். 0 என்றால் எல்லாம் சாப்பிட முடிகிறது. 1 என்றால் சில கெட்டியான பண்டங்கள் இறங்குகின்றன. 2 என்றால் குழைவானது மட்டும். 3 என்றால் திரவம் மட்டும். 4 என்றால் எச்சில்கூட இறங்கவில்லை. 3இலோ 4இலோ இருந்தவர் 1க்கோ 2க்கோ வந்துவிட்டால் சிகிச்சை நன்றாக வேலை செய்திருக்கிறது. 0க்குத் திரும்புகிறவர்கள் குறைவு. இதை முதல் நாளே நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிட்டால், பத்தாம் நாள் பரோட்டா இறங்கவில்லை என்று மனம் உடைய வேண்டியதில்லை.

வழி திறக்கும் முறைகள்

ஸ்டென்ட் என்பது நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகக் கம்பியால் பின்னிய குழல். மெல்லிய உறைக்குள் சுருக்கி வைத்திருப்பார்கள். எண்டோஸ்கோப்பி வழியாகவோ எக்ஸ்ரே பார்த்துக்கொண்டோ கட்டிக்கு நடுவில் ஒரு கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஸ்டென்டைக் கொண்டுபோய் விடுவிப்பார்கள். அது தானாக விரிந்து கட்டியைச் சுவரோடு ஒதுக்கும். விரிந்த பிறகு அதன் நடுப்பகுதி சுமார் 18 முதல் 23 மி.மீ. அகலம் இருக்கும். முழுதாக விரிய ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். ஆரோக்கியமான உணவுக்குழாய் தசையால் உணவைத் தள்ளி இறக்குகிறது. ஸ்டென்ட் தள்ளாது. அதற்குள் போகும் கவளம் தன் எடையாலும் கூடக் குடிக்கும் தண்ணீராலும்தான் இறங்க வேண்டும். பின்னால் வரும் சாப்பாட்டு விதிகள் எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்து வருபவை.

இன்னொரு வழி கதிர்வீச்சு. ஊர்ப் பேச்சில் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். வெளியிலிருந்து கொடுப்பதானால் 5 நாளில் 20 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), அல்லது 10 நாளில் 30 கிரே என்பது வழக்கமான கணக்கு. உள்ளே ஒரு மெல்லிய குழாயை இறக்கி, கட்டிக்குப் பக்கத்திலிருந்தே ஒரே தடவையில் 12 கிரே கொடுப்பதும் உண்டு. நெதர்லாந்தில் 209 பேரிடம் இந்த இரண்டாவது முறையை ஸ்டென்டோடு ஒப்பிட்டு 2004இல் முடிவு வெளியிட்டார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குச் சாப்பாடு சீக்கிரம் இறங்கியது. ஆனால் சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், உள்கதிர்வீச்சு பெற்றவர்களுக்கே விழுங்குவது மேலாக இருந்தது, வாழ்க்கைத் தர மதிப்பெண்ணும் அவர்களுக்கே நன்றாக இருந்தது. சிக்கல்களும் அவர்களுக்குக் குறைவு: ஸ்டென்டில் 33 சதவீதம், உள்கதிர்வீச்சில் 21 சதவீதம்.

ஆகவே இன்றோ நாளையோ சாப்பாடு இறங்கியாக வேண்டும், அல்லது நாள் அதிகமில்லை என்று தெரிகிறது என்றால் ஸ்டென்ட் பொருத்தம். சில மாதங்கள் இருக்கும், உடம்பில் தெம்பும் இருக்கிறது, அருகில் வசதியும் இருக்கிறது என்றால் கதிர்வீச்சு பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். கதிர்வீச்சின் பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன்னால் உணவுக்குழாய் புண்ணாகி, விழுங்குவது சில நாள் இன்னும் மோசமாகக்கூடும். இது எதிர்பார்ப்பதுதான். ஸ்டென்ட் வைத்தபின் கூடவே கதிர்வீச்சும் கொடுத்தால் வழி நீண்ட நாள் திறந்திருக்குமா என்று பிரிட்டனில் 220 பேரிடம் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். விழுங்குவதில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்பது நோயாளிக்கு நன்மையாக முடிவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

கட்டி தொண்டைக்கு மிக அருகில் இருந்தால் ஸ்டென்ட் பெரும்பாலும் பொருந்தாது. ஏதோ சிக்கிக்கொண்டிருப்பது போலவே நாளெல்லாம் இருக்கும். நாக்கின் அடி, தொண்டைப் புற்றுநோய்களில் சிரமத்தின் தன்மையே வேறு. அங்கே கெட்டியானதைவிடத் தண்ணீர்தான் அதிகம் புரையேறும். உணவுக்குழாய் நோயாளிக்குச் சொன்ன "தண்ணியாகக் கொடுங்கள்" என்ற யோசனையை அவர்களுக்குச் சொன்னால் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விடும். அவர்களுக்கு விழுங்கும் பயிற்சி தரும் நிபுணரின் ஆலோசனை தேவை.

தட்டில் என்ன இருக்கலாம்

ஸ்டென்ட் வைத்த சில மணி நேரம் கழித்து டாக்டர் அனுமதித்ததும் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்துப் பார்ப்பார்கள். முதல் 24 மணி நேரம் திரவம் மட்டும். அடுத்த இரண்டு நாள் மிக்ஸியில் அடித்து வடிகட்டிய பதம். அதற்கப்புறம் குழைவான உணவு. நெஞ்சுக்கு நடுவிலோ முதுகிலோ வலி இருக்கும். ஸ்டென்ட் விரிகிறது என்பதால் வருவது அது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும். அதுவரை பாராசிட்டமாலோ மார்ஃபினோ நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். வலி வந்தபின் கொடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. நாள் கூடக் கூட வலி ஏறிக்கொண்டே போனால் அது வேறு விஷயம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் சமையலில் ஸ்டென்டுக்கு ஏற்றவை நிறைய. ரசம் ஊற்றிக் கையால் மசித்த குழைசோறு, தயிரும் பாலும் கலந்து தளர்வாகப் பிசைந்த தயிர்சாதம், சாம்பாரிலோ பாலிலோ ஊறவைத்து உதிர்த்த இட்லி, நெய் விட்ட வெண்பொங்கல் (மிளகை எடுத்துவிட்டு), ஆப்பத்தின் நடுப்பகுதியைத் தேங்காய்ப் பாலில் ஊறவைத்தது, இடியாப்பத்தையும் அதே போல, மசித்த பருப்பு, அவித்து மசித்த உருளை, பரங்கி, காரட், மிருதுவான முட்டைக் குழம்பில் மசித்த முட்டை, முள் முழுதாக நீக்கி உதிர்த்த மீன், ரவா கேசரி, பாயசம். மசித்த வாழைப்பழம் சரி, முழுத் துண்டு வேண்டாம்.

சிக்குபவை எவை என்றால், மாவுப் பண்டங்களில் பிரெட்டும் பரோட்டாவும் சப்பாத்தியும். பிரெட் எச்சிலில் ஊறி உருண்டையாகித் தக்கையைப் போல அடைக்கும். தோசையின் முறுகல் ஓரம், வடை, அப்பளம் ஆகாது. நார் உள்ளவை மோசம்: முருங்கைக்காய், கீரைத் தண்டு, அவரை, வாழைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், மாங்காய் நார், தேங்காய்ச் சக்கை. ஆட்டுக்கறித் துண்டு வேண்டவே வேண்டாம். அந்த ருசி வேண்டும் என்றால் எலும்பு சூப்பில் சோற்றை மசித்துக் கொடுக்கலாம். தாளிப்பில் வரும் கறிவேப்பிலையையும் மிளகாய்த் தோலையும் எடுத்துவிட மறக்க வேண்டாம். அடைப்புக்கு இவை போன்ற சின்னச் சின்னவையும் காரணமாகின்றன.

சாப்பிடும் விதமும் முக்கியம். நேராக உட்கார்ந்து, டீஸ்பூன் அளவு கவளமாக, நன்றாக மென்று, மூன்று நான்கு வாய்க்கு ஒருதரம் வெதுவெதுப்பான நீர் ஒரு மடக்கு. பல் இல்லாதவருக்குப் பல்செட் தளர்ந்திருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு, ஏழு சிறு வேளைகளாகப் பிரிக்க வேண்டும். முடித்ததும் அரை தம்ளர் தண்ணீரோ சோடாவோ குடித்தால் ஸ்டென்டின் உட்புறம் கழுவப்படும்.

இனி ஒரு தம்ளர் கஞ்சியைக் கணக்குப் பார்ப்போம். 20 கிராம் சத்துமாவைத் தண்ணீரில் காய்ச்சி 200 மி.லி. ஆக்கினால் ஏறத்தாழ 70 கலோரி. நாளைக்கு ஆறு தம்ளர் குடித்தாலும் 420தான். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 1250 முதல் 1500 கலோரியும் 60 முதல் 75 கிராம் புரதமும் தேவை. "கஞ்சி குடிச்சிட்டுதான் இருக்கார், ஆனா இளைச்சுக்கிட்டே போறார்" என்ற குழப்பத்துக்கு விடை இங்கே இருக்கிறது. அதே 20 கிராம் மாவைத் தண்ணீருக்குப் பதில் 200 மி.லி. பாலில் காய்ச்சி (130 கலோரி), ஒரு டீஸ்பூன் நெய் (45), இரண்டு டீஸ்பூன் கருப்பட்டி (40 சுமார்) சேர்த்தால் ஒரு தம்ளர் 280ஐத் தாண்டும். குடிக்கும் அளவு மாறவில்லை, கிடைக்கும் சத்து நான்கு மடங்கு. இரண்டு டேபிள்ஸ்பூன் பால் பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்துச் சேர்த்தால் புரதமும் 4 கிராம் கூடும். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் கருப்பட்டியைத் தவிர்த்து நெய்யையும் பால் பவுடரையும் கூட்டலாம்.

ஒரே எச்சரிக்கை: ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவருக்கு, வழி திறந்த சந்தோஷத்தில் முதல் நாளே நிறையக் கொடுத்துவிடக் கூடாது. பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று மாவுச்சத்து போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். முதல் இரண்டு நாள் பாதியளவு, அப்புறம் மெல்ல ஏற்றம். வைட்டமின் பி1 கொடுக்க வேண்டுமா, ரத்தப் பரிசோதனை எப்போது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடைத்துக்கொண்டால்

பதறாமல் சாப்பாட்டை நிறுத்தி, எழுந்து நின்று, சற்று நடந்துகொண்டே வெதுவெதுப்பான நீரையோ சோடாவையோ மடக்கு மடக்காகக் குடிக்கச் சொல்லுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க முயல்வதும், மேலும் ஒரு கவளம் போட்டுத் தள்ளப் பார்ப்பதும் நிலைமையை மோசமாக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்காவிட்டால், எச்சிலும் துப்ப வேண்டியிருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எண்டோஸ்கோப்பியில் எடுத்துவிடலாம்.

அடைப்பு அடிக்கடி வந்தால் உணவின் தவறு என்றே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். கட்டி ஸ்டென்டின் முனைக்கு மேலோ கீழோ வளர்ந்திருக்கலாம், பின்னலுக்குள்ளே புகுந்திருக்கலாம், ஸ்டென்டே நழுவி வயிற்றுக்குள் போயிருக்கலாம். முன்பு நன்றாக இறங்கியது திடீரென்று முழுதும் இறங்காமல் போனால் நழுவலைச் சந்தேகிக்க வேண்டும். இன்னொரு ஸ்டென்டை உள்ளே வைப்பது பெரும்பாலும் முடியும். தண்ணீர் குடித்ததும் ஒவ்வொரு தடவையும் இருமல் வந்தால் உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவில் ஓட்டை விழுந்திருக்கலாம். அதற்குப் பின்னலின் மேல் சவ்வு போர்த்திய ஸ்டென்ட் வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், காய்ச்சலோடு இருமல், திடீரென்று நெஞ்சைப் பிளக்கும் வலி, மூச்சுத் திணறல், கழுத்துத் தோலின் அடியில் காற்று புகுந்ததுபோல் நறநறப்பு, இவை எதுவானாலும் காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

இரவு

உணவுக்குழாயும் வயிறும் சேரும் இடத்தில் ஸ்டென்ட் இருந்தால், அங்கே இயல்பாக இருக்கும் மூடி திறந்தபடியே நின்றுவிடும். தட்டையாகப் படுத்தால் வயிற்றில் இருப்பது அப்படியே மேலே வரும். தூக்கத்தில் புரையேறி நிமோனியா வருவதும் இப்படித்தான். ஆயுள் முழுக்கத் தட்டையாகப் படுக்கக் கூடாது என்பதுதான் விதி. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவது நல்லது, தலையணை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும். உயரம் சுமார் 15 முதல் 20 செ.மீ. கடைசிச் சாப்பாடு படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடிய வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் தொடர வேண்டியிருக்கும்.

மாத்திரைகளைப் பற்றி ஒன்று. மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மார்ஃபின் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் 12 மணி நேர மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் ஏறிவிடும், மூச்சு தடைப்படலாம். மேல்பூச்சு உள்ள வயிற்று மாத்திரைகளையும் பொடிக்கக் கூடாது. சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பொடித்துக் கரைக்கலாம். எது எது என்று மருந்தாளுநரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மார்ஃபின் தொடங்கும் நாளே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மார்ஃபின் என்றாலே அடிமையாகிவிடுவார் என்ற பயத்தில் வலியோடு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டாக்டர் சொன்ன அளவில் புற்றுநோய் வலிக்குக் கொடுப்பது பாதுகாப்பானது. 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டபின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை வைத்துக் கொடுப்பது முன்பைவிட எளிது.

குழாய் வழி உணவு

ஸ்டென்டும் கதிர்வீச்சும் பொருந்தாதவர்களுக்கு மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப், அல்லது வயிற்றிலோ சிறுகுடலிலோ நேராகக் குழாய் வைப்பார்கள். மூக்குக் குழாய் சீக்கிரம் போட்டுவிடலாம், ஆனால் தொண்டையை உறுத்தும், வெளியில் போகக் கூச்சம் தரும். சில வாரங்களுக்கு மேல் தேவை என்றால் வயிற்றுக் குழாய்தான் நோயாளிக்கு நிம்மதி.

மூக்குக் குழாயானால், ஒவ்வொரு தடவையும் கொடுப்பதற்கு முன் மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் உள்ளே விடாதீர்கள். தலையை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, 30 மி.லி. தண்ணீர், பிறகு 200 முதல் 250 மி.லி. உணவு 20, 30 நிமிடத்தில் மெல்ல, மறுபடி 30 மி.லி. தண்ணீர். முடிந்து அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்க வேண்டும். வீட்டு உணவை மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டாவிட்டால் குழாய் அடைக்கும். அடைத்தால் வெதுவெதுப்பான நீரைச் சிரிஞ்சில் எடுத்து மெல்ல இழுத்து, மெல்லத் தள்ளுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் குழாய் கிழியும். சிறுகுடல் குழாயில் மொத்தமாக ஊற்றக் கூடாது. குடலுக்கு வயிற்றைப்போல் தேக்கி வைக்கும் இடம் இல்லை. வயிற்றுப்போக்கும் வலியும் வரும். சொட்டுச் சொட்டாகத்தான்.

வாய் வழியாக ஒன்றும் போகாதவருக்கும் வாய் இருக்கிறது. காலையும் மாலையும், சாப்பாட்டு நேரத்திலும், ஒரு கப் தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து கொப்பளிக்கச் சொல்லுங்கள். நாக்கில் வெள்ளைப் படிவு வந்தால் பூஞ்சைத் தொற்று, மருந்து உண்டு. பிடித்த ருசியை, ஒரு சொட்டு ரசமோ காபியோ, நாக்கில் வைத்துத் துப்பவும் டாக்டர் அனுமதித்தால் செய்யலாம்.

கேட்க வேண்டிய கேள்வி

உணவுக்குழாய்ப் புற்றுநோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஐரோப்பிய ஆய்வாளர்கள் உருவாக்கிய 18 கேள்விகள் கொண்ட பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் விழுங்குவதைப் பற்றி மட்டுமா கேட்கிறார்கள்? எதுக்களிப்பு, வலி, வாய் உலர்வு, ருசி, இருமல், பேச்சு, புரையேறுதல் எல்லாம் இருக்கின்றன. பிறர் முன்னால் சாப்பிடுவது சிரமமாக இருக்கிறதா என்றும் ஒரு கேள்வி. வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. கல்யாணப் பந்தியில் உட்கார முடியாமல் வெளியே நிற்கிறவருக்கும், நடுவில் துப்ப வேண்டியிருப்பதால் எல்லாரும் சாப்பிட்ட பிறகு தனியே சாப்பிடுகிறவருக்கும் ஸ்டென்ட் சரியாகவே வேலை செய்துகொண்டிருக்கும். பந்திக்குப் போகும் முன் வீட்டில் அரை வயிறு சாப்பிட்டுவிட்டு, அங்கே ரசமும் பாயசமும் மட்டும் வாங்கிக்கொள்வது பலருக்கு உதவுகிறது.

பக்கத்தில் இருப்பவர்கள் "இன்னும் ரெண்டு வாய்ப்பா" என்று வற்புறுத்துவது அன்புதான். ஆனால் நோய் முற்றும்போது பசி அடங்குவது உடம்பின் இயல்பு. வற்புறுத்தினால் சாப்பாட்டு நேரமே பயமாகிவிடும். "என்னப்பா வேணும்?" என்று அவரிடமே கேளுங்கள். சிலர் சாப்பாட்டைச் சொல்ல மாட்டார்கள், திண்ணையில் உட்கார வேண்டும், பேரனைப் பார்க்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும் என்பார்கள். மருந்து நேரத்தையும் உணவு நேரத்தையும் அதற்கேற்ப மாற்ற முடியும், டாக்டரிடம் சொன்னால் மாற்றியும் தருவார்கள். கடைசி வாரங்களில் கட்டாயமாகக் குழாய் போட்டு உணவு ஏற்றுவதால் நாள் கூடுவதில்லை, மூச்சில் சளியும் உடம்பில் வீக்கமும்தான் கூடும். அப்போது வாயை ஈரத்துணியால் நனைப்பதும் வலியை அடக்குவதும்தான் தேவை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் சேவையும் பிசியோதெரபியும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவைக்கலாம். ஸ்டென்டின் வகை, நீளம், வைத்த தேதி, எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதிய தாளை நோயாளியின் பையிலேயே வையுங்கள். நள்ளிரவில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தாலும், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.